பாவ்ஜூ அக்காவின் கைப்பை

காய்கறிக்காரிக்குச் சில்லறை கொடுக்க லியாவ் பாவ்ஜூ கைப்பைக்குள் கையை விட்டார். முதலில் குடை வந்தது. அடுத்து மூக்குக்கண்ணாடிக் கூடு. மூன்றாவதாகக் கருகிய கைப்பிடியும் பித்தளைத் தாடையுமாக ஒரு சாண் நீளத்தில் ஒரு சாமான் வெளியே வந்து முட்டைக்கோசின் மேல் உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பெண் இரண்டடி பின்னால் போனாள். காய்கறிக்காரி அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?" என்று விசாரித்தாள். எங்கள் ஸீலோ ஊர்ச் சந்தையில் அந்தச் சாமானைக் கண்டதும் வீட்டுக்காரரை விசாரிப்பதுதான் வழக்கம்.

அது வெல்டிங் மெஷினின் ஹோல்டர். வெல்டிங் ராடைக் கவ்விக்கொள்ளும் கைப்பிடி. அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் உறுமுகிற பெட்டிதான். பட்டறையை விட்டு அக்கா எங்கே கிளம்பினாலும் கேபிள் முனையில் உள்ள திருகைக் கழற்றி ஹோல்டரைப் பைக்குள் போட்டுக்கொள்வார். முடி சுருட்டிக்கொள்ளப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி. மகளின் பிரசவத்துக்குத் தைச்சுங் நகரத்துக்குப் போனபோது, பிரசவ அறை வாசலில் பை கவிழ்ந்து அது உருண்டோடியது. ஒரு நர்ஸ் பயபக்தியோடு எடுத்துக் கொடுத்து, இது எந்த டாக்டருடையது என்று கேட்டாளாம்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளமான உருவம். கன்னத்தில் வெல்டிங் முகமூடிப் பட்டை அழுத்திய கோடு, நிரந்தரமாகவே தங்கிவிட்டது. இருபது வயதில் காவ்ஷியுங் துறைமுகத்துக் கப்பல் கட்டுமிடத்தில் தொழில் பழகியவர். அங்கே நானூறு ஆண்களுக்கு நடுவே ஆறு பெண்கள். ஆறு பேரும் முழு விரல்களோடு அங்கிருந்து வெளியே வந்தார்கள் என்பதை அக்கா எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவார்.

காலையில் மெஷினை எழுப்புவதற்கு முன் அவர் செய்கிற காரியங்களைப் பார்க்கவே எதிர்க்கடைக்காரர் தேநீரோடு வந்து நிற்பதுண்டு. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். அணைத்தது அவரேதான் என்றாலும் பார்ப்பார். கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டே தோல் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டு போவார். மெஷின் உடம்பிலிருந்து தரைக்குப் போகிற எர்த் கம்பியை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். கையுறையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரத்தில் கொஞ்சம் சில்லென்று இருந்தாலும் அது வெயிலுக்குப் போய்விடும், வேறு ஜோடி வரும். ராடுகளில் ஈரம் ஏறிவிடக் கூடாது என்று அவற்றை ஒரு பழைய மின்சாரச் சோற்றுப் பானையில் இளஞ்சூட்டிலேயே வைத்திருப்பார். பெரிய பட்டறைகளில் இதற்கென்றே அடுப்பு இருக்கிறது. அக்காவிடம் இருப்பது சோற்றுப் பானை. பசியோடு வந்து அதைத் திறந்து ஏமாந்தவர்கள் பட்டியலில் அவர் மாப்பிள்ளையும் உண்டு.

மெஷினின் தலையில் ஒரு பச்சைப் பொட்டலச் சோளப்பொரி இருக்கும். எந்திரம் சொன்னபடி கேட்க வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பதுதான். ஏடிஎம்மின் மேல்கூட இருக்கிறது. அக்காவும் வைத்திருக்கிறார். ஆனால் முதல் தேதியானால் பொட்டலத்தைத் திருப்பிக் கெடு தேதியைப் படிப்பார். "இது மெஷினுக்கு. கையுறை எனக்கு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது" என்பார்.

குழப்பிக்கொள்கிற ஆள் வீட்டிலேயே இருந்தார்.

ஆ-சுவான். அக்காவின் கணவர். அறுபத்திரண்டு வயது, இடது கைக்காரர். அவர் வைத்த ஒட்டு மீன் செதில் அடுக்கினாற்போல இருக்கும். அக்காவே அதைத் தடவித் தடவிப் பார்ப்பார். ஆனால் வேலைக்கு அவர் அணிகிற கவசம் மூன்றே மூன்று: அரைக்கால் சட்டை, நீலமும் வெள்ளையுமான ரப்பர் செருப்பு, வாய் நிறையப் பாக்கு. மெஷினில் அக்கா பொருத்திய ஷாக் தடுப்புப் பெட்டியை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ராடை வைத்ததும் பற்றாமல் அரை நொடி தயங்குகிறதாம். அந்த அரை நொடிக்காக அதைக் கழற்றிக் கழற்றி வைப்பார். அக்கா மாட்டி மாட்டி வைப்பார். முப்பது வருடக் குடித்தனத்தில் பாதி இதிலேயே போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மழை விட்ட மத்தியானம், மூன்றாவது மாடியில் தகரக் கூரை வேலை. பெட்டி கழற்றப்பட்டிருந்தது. ஆ-சுவான் ஈர உத்தரத்தில் வேர்வை சொட்ட உட்கார்ந்து, வாயால் எதிர்க்கடைக்காரரின் தேநீரைப் பழித்துக்கொண்டே, வெறுங்கையால் ராடு மாற்றினார். பேச்சு நின்றது. அவர் பேச்சு நடுவில் நிற்கிற பேச்சே இல்லை. அதனால்தான் அக்கா திரும்பிப் பார்த்தார். விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவரை அவர் தொடவில்லை, கூப்பிடவில்லை, சுவிட்சை நோக்கி ஓடினார். பதினொரு எட்டு தூரம். கரண்டு போனதும் ஆ-சுவான் மெல்லச் சாய்ந்து, சும்மா கொஞ்சம் ஓய்வெடுத்தேன் என்றார். அன்று சாயங்காலம் அவர் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார். அக்கா தன் கிண்ணத்தைத் தொடாமல் தடுப்புப் பெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஹோல்டர் கைப்பைக்குக் குடிவந்தது. அன்றிலிருந்து ஒட்டுகிற வேலை அக்காவுடையது. ஆ-சுவானுக்கு அளப்பது, அறுப்பது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது. புது ஹோல்டர் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். ஊரிலுள்ள மூன்று இரும்புக்கடையிலும் அக்கா முன்பே போய்ச் சொல்லி வைத்திருந்தார்: "அவருக்கு ஹோல்டர் வித்தா, அடுத்தது சவப்பெட்டியையும் நீங்கதான் வாங்கித் தரணும்." வியாபாரிகளுக்கு அந்த இரண்டாவது பாகம் பிடிக்கவில்லை.

இப்போது முட்டைக்கோசின் மேல் ஹோல்டர் உட்கார்ந்திருந்த அந்தக் காலைக்கு வருவோம். அது சந்திர நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், மூன்றாம் இளவரசரின் பிறந்தநாள். இளவரசர் குழந்தைச் சாமி. சந்தைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. அன்று மதியம் ஒரு மணிக்கு நல்ல நேரத்தில் பல்லக்கு ஊர்வலம். பதினோரு மணிக்குக் கோயில் தலைவர் ஜோங் நனைந்த ஸ்கூட்டரில் சந்தைக்குள்ளேயே வந்துவிட்டார். சோயா சாஸ் வியாபாரி, எழுபது வயது, பதற்றப்பட்டால் காது சிவக்கும். காது இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தன.

பல்லக்கை ஏற்றியிருக்கும் இரும்பு வண்டியின் அச்சுத் தாங்கி விரிசல் விட்டுவிட்டதாம். ஆ-சுவானுக்குச் சொல்லியனுப்பினார்களாம். அவர் மெஷினைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறாராம். ஒரே ஒரு சாமான்தான் குறைகிறதாம். அதைச் சொல்லும்போது தலைவரின் கண் முட்டைக்கோசின் மேல் போயிற்று.

"ராத்திரி பூரா மழை. முற்றத்துல தண்ணி நிக்குமே" என்றார் அக்கா.

"அங்கயே ஒட்டலாமான்னு சாமிகிட்டக் கேட்டாச்சும்மா. மூணு தடவை கட்டை போட்டோம். மூணு தடவையும் ஆமான்னுட்டாரு."

பிறைபோல வளைந்த இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சாமி ஆம் என்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார். தொடர்ந்து மூன்று முறை ஆம் என்று விழுந்தால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை. அக்கா ஹோல்டரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

கோயில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அதன் நடுவே பல்லக்கு வண்டி, மேலே பட்டு அங்கியில் இளவரசர், சுற்றிலும் மேளக்காரர்கள், பாதி ஊர். அச்சுக்குப் பக்கத்தில் ஆ-சுவான் சட்டையில்லாமல், அதே செருப்போடு, தண்ணீரில் நின்று கை நீட்டினார். பத்து நிமிட வேலை, கொண்டா என்றார். மூன்று வருடமாக இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்த முகம். அக்கா அவரைப் பார்க்கவில்லை. மெஷின் எங்கே என்று பார்த்தார்.

மெஷின் ஈரம் படாமல், நல்ல உயரத்தில், ஒரு மேடையின் மேல் கம்பீரமாக இருந்தது. அந்த மேடை, ஊர்வலத்துக்கு வாங்கிய நாற்பது பெட்டிப் பட்டாசு.

"தரை ஈரம்னு நீதானே எப்பவும் சொல்லுவ" என்றார் ஆ-சுவான். "அதான் உசரத்துல வச்சேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தலைவரின் பக்கம் திரும்பினார்.

"சாமிக்கு என்ன குடுத்துட்டுக் கேட்டீங்க தலைவரே?"

"வழக்கம்போலதான். பால் மிட்டாய், ஒரு பம்பரம், உறிஞ்சற குழாய் வச்ச பால்."

"மிட்டாய் குடுத்துட்டுக் கேட்டா எந்தக் குழந்தைதான் மாட்டேன்னு சொல்லும்? அவருக்கு ஏழு வயசு. கரண்டு விஷயத்தையெல்லாம் போயிக் குழந்தைகிட்டயா கேப்பாங்க?"

கோயில் கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நூறு வருடக் கோயிலில் இப்படி யாரும் யோசித்ததில்லை. கணக்குப்பிள்ளை, அதுவும் சரிதானே என்று முணுமுணுத்தார். தலைவர் முறைத்ததும், இல்லை இல்லை என்றார்.

அப்படியானால் வண்டியைக் கோயிலுக்குப் பின்னாலுள்ள சமையல்கொட்டகைக்குள் தள்ளி வேலை செய்யலாமா என்றால், அதற்கும் வழியில்லை. சாமி பல்லக்கில் ஏறியாயிற்று. ஏறியவர் ஊரைச் சுற்றாமல் பின்னால் ஓரடியும் வைக்கக் கூடாது. தலைவர் கையைப் பிசைந்தார். ஒரு மணி தாண்டினால் அடுத்த நல்ல நேரம் அடுத்த வருடம்தான் என்றார். தான் முடியாது என்று போய்விட்டால் ஆ-சுவான் எவனிடமாவது ஒரு ஹோல்டரை இரவல் வாங்கிவிடுவார், அதே தண்ணீரில் உட்கார்ந்துவிடுவார் என்பது அக்காவுக்குத் தெரியும். பக்கத்து ஊர் இரும்புக்கடைகளுக்கு அவர் சொல்லி வைக்கவில்லை.

"சாமி இங்கயே இருக்கட்டும். தண்ணி போகட்டும்" என்றார் அக்கா.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கோயிலில் தலைவர் பாவ்ஜூ அக்காதான். ஜோங் கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினார். மேளக்காரர்கள் பட்டாசுப் பெட்டிகளையும் சாமிக்கு எரிக்கிற காகிதக் காசுக் கட்டுகளையும் தெருக்கோடிக்குத் தூக்கிப் போனார்கள். விழாவுக்குப் போட்ட பொம்மலாட்ட மேடையைப் பிரித்து, காய்ந்த பலகைகளை வண்டியைச் சுற்றிப் பரப்பினார்கள். மேலே தார்ப்பாய் ஏறியது. பல்லக்கின் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நனைத்த சாக்கைச் செருகச் சொன்னார் அக்கா. மணல் வாளியோடு கணக்குப்பிள்ளையை நிறுத்தினார். கரண்டு மெஷினுக்குத் திரும்பி வருகிற எர்த் கிளாம்ப்பை ஆ-சுவான் வண்டியின் மறுகோடியில், வெண்கல மணிகள் தொங்கும் கம்பியில், மாட்டியிருந்தார். அது பளபளவென்று நன்றாக இருந்ததாம். கரண்டு அத்தனை மணியையும் சக்கரத்தையும் சுற்றி ஊர்வலம் போய்விட்டு வரணுமா என்று கேட்டபடியே அக்கா அதைக் கழற்றினார். விரிசலுக்கு ஒரு சாண் பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும் அங்கே கவ்வ வைத்தார்.

வெளிச்சத்தை யாரும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று கூட்டத்தையே சுவரைப் பார்த்துத் திருப்பி நிற்க வைத்தார். எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் விழித்த கண்ணோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசர்.

"அவருக்கும்தான் கண்ணு" என்று அக்கா தன் உபரி முகமூடியை நீட்டினார்.

இதற்குச் சாமியைக் கேட்டே ஆக வேண்டும் என்றார் தலைவர். கட்டை போட்டார்கள். இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார். மறுபடி போட்டார்கள். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. தலைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிரீடத்தின் மேல் முகமூடியை மாட்டினார். நூறு வருடமாகக் குழந்தையாகவே இருந்தவர் அன்று முதல் தடவையாக வேலைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

அப்புறம்தான் அக்கா பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வர நேரமாயிற்று. விரிசல் மேல்பக்கம் பார்த்த மூலையில் இருந்தது. அண்ணாந்தபடி, இடது கையால் மட்டுமே அங்கே எட்ட முடியும். வலது கையால் ஒட்டினால் ஊர்வலம் பாலத்தை எட்டுவதற்குள் விட்டுப்போகும். இதை இடது கைக்காரரான ஆ-சுவான் முதலிலேயே பார்த்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அன்று அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம். மணி பன்னிரண்டேகால்.

அக்கா லாரியின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடித் தோல் பூட்ஸை எடுத்தார். மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது. ஒரு நாள்கூட ஆ-சுவான் அதைப் போட்டதில்லை. மாதம் ஒருமுறை அக்கா அதன் மேல் பூத்த பூஞ்சணத்தைத் துடைத்து மறுபடி உள்ளே வைப்பார். அவரை உட்கார வைத்து, துண்டால் முதுகு, கழுத்து, கக்கம் என்று வேர்வை போகத் துடைத்தார். பாக்கைத் துப்பச் சொன்னார். அரைக்கால் சட்டையின் பையிலிருந்த லைட்டரைப் பிடுங்கினார். தடித்த பருத்திச் சட்டையை மாட்டிக் கழுத்து வரை பொத்தான் போட்டார். தன் கையுறையையும் முகமூடியையும் கொடுத்தார். ஊரே சுவரைப் பார்த்து நின்றதால் ஆ-சுவானின் மானம் பிழைத்தது. கடைசியில் தடுப்புப் பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

"அது தயங்கும், பாவ்ஜூ" என்றார் ஆ-சுவான் மன்றாடலாக.

"தயங்கட்டும். நீதான் தயங்கறதே இல்ல, அதுவாவது தயங்கட்டும்."

ஹோல்டரைக் கேபிளில் பொருத்தி, திருகை இரண்டு தடவை இறுக்கினார். நீட்டினார். அவர் பிடித்துக்கொண்ட பிறகும் ஒரு கணம் விடவில்லை.

"பேசிக்கிட்டே இரு" என்றார். "நிறுத்தக் கூடாது."

போய் மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆ-சுவானுக்கு இதைவிட எளிய உத்தரவை யாரும் இட்டதில்லை. வண்டிக்கு அடியில் பளிச்சென்று வெளிச்சம் வெடித்தது, பேச்சும் கூடவே கிளம்பியது. பூட்ஸ் சுண்டுவிரலைக் கடிக்கிறது என்றார். மூன்று வருடமாகப் பெயின்ட் அடித்தே தனக்கு மூக்கு மரத்துவிட்டது என்றார். வீட்டில் மீனுக்கு இஞ்சி போதவில்லை, ஹோல்டருக்குப் பக்கத்தில் படுக்கிற பெண்டாட்டி உலகத்தில் யாருக்கு வாய்த்தாள் என்றார். சுவரைப் பார்த்து நின்ற பாதி ஊரும் இதையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் கேட்டது. மேளக்காரர்களின் தோள்கள் குலுங்கின. அக்காவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் வார்த்தைகளைக் கேட்கவில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாவது நிமிடம், மீன் கதையின் நடுவில், சத்தம் நின்றது.

டக்கென்று சுவிட்ச் இறங்கியது. தலைவர் ஜோங் சுவரைப் பார்த்தபடியே சாமி பேரைச் சொன்னார்.

"ஏன் அணைச்ச?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒட்டு எவ்வளவு அழகா வந்திருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் பலகையோடு சாய்ந்துகொண்டார்.

"அதையும் வாய்விட்டுச் சொல்லு" என்றார்.

மிச்ச வேலை நடந்த நேரமெல்லாம் ஆ-சுவான் தன் ஒட்டைத் தானே புகழ்ந்துகொண்டிருந்தார். ஒரு மணிக்குப் பல்லக்கு நகர்ந்தது. தெருக்கோடியில் பட்டாசு அது வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்தது. சூடு தணியும்வரை அரை மணி நேரம் கூடவே போக வேண்டும் என்று அக்கா கட்டளையிட்டதால், மணல் வாளியோடு கணக்குப்பிள்ளை பல்லக்குக்குப் பக்கத்தில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தார். புதுச் சடங்கு போலிருக்கிறது என்று கும்பிட்டவர்கள் வாளியையும் கும்பிட்டார்கள். இளவரசரின் முகமூடியைக் கழற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. இரண்டு தெரு போன பிறகுதான் தலைவர் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து, காய்கறிக்காரிக்குச் சில்லறை கொடுக்கப் பாவ்ஜூ அக்கா கைப்பைக்குள் கையை விட்டார். குடை வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. மூன்றாவதாக, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு ஜோடி நீல வெள்ளை ரப்பர் செருப்பு வந்து முட்டைக்கோசின் மேல் உட்கார்ந்தது. காய்கறிக்காரி அதைப் பார்த்தாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள். ஹோல்டர் இல்லை.

"உங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அக்கா சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அவள் காதோரம் நீட்டினார். பட்டறையில் ராடு பொரிகிற சத்தத்துக்கு மேலே ஆ-சுவானின் குரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது: "தலைவரே, சுவிட்ச விட்டு எந்திரிச்சுடாதீங்க, அவ கேட்டுக்கிட்டிருக்கா."